முறத்தால் உலர்ந்த களம்

எந்த வீட்டுக்குப் போனாலும் சகாயராணியின் கண் முதலில் தரைக்குத்தான் போகும். புருசன் இனிகோவின் அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். பெண் காப்பித் தட்டோடு வந்து நின்ற அதே நேரத்தில், இவள் தம்ளரிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டு, அது ஊறுகிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு எப்பிடின்னு எங்கக்கா கேக்குது. இவ, 'சிமெண்ட்டு நல்லாத் தண்ணி குடிக்குது, நாலு வருசத்துல ஒழுவும்'ங்கறா" என்று இனிகோ இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இனிகோ புருசன் மட்டுமில்லை. அவளுடைய மிசினையும் கேன்களையும் ஏற்றிப் போகிற குட்டியானை வண்டிக்கு டிரைவரும் அவன்தான். புருசனாக இருக்கும்போது வாய் நீளும், டிரைவராக இருக்கும்போது சொன்னதைச் செய்வான் என்பாள் சகாயராணி.

தருமபுரி டவுனில் அவளுக்கு 'மிசின்காரம்மா' என்று பேர். பாசி பிடித்த மொட்டை மாடி, எண்ணெய் இறங்கிய பட்டறைத் தரை, கறுத்துப்போன தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும் பிரஷர் மிசினால் அடித்துக் கழுவி, காயவைத்து, துளையை அடைக்கிற சீலர் மருந்தை அடித்துக் கொடுப்பாள். கழுவுவது பெரிய வித்தை இல்லை, அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது என்பது அவள் கட்சி. கழுவின சிமெண்ட் கண்ணுக்குத் தெரியாத துளையெல்லாம் திறந்து கிடக்கும். காய்ந்ததும் அதைக் காப்பாற்றாமல் விட்டால், பழைய அழுக்கைவிட இரண்டு மடங்கு புது அழுக்கைக் குடித்துவிடும். "கொழந்தயக் குளிப்பாட்டிட்டு ஈரத்தோட தெருவுல வுட்டாப்புல ஆயிரும்" என்று வாடிக்கையாளர்களை மிரட்டுவாள். முக்கால்வாசிப் பேர் பயந்துபோய் ஒத்துக்கொள்வார்கள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த கதையே தனி. பள்ளிப்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடு குடும்பத்துக்குச் சோறு போடவில்லை என்று, கல்யாணமான மறு வருசமே புருசனும் பெண்சாதியும் பெங்களூருக்கு வண்டி ஏறினார்கள். கெட்டும் பட்டணம் சேர் என்பது எங்கள் ஜில்லாவில் சும்மா சொல்கிற பழமொழி இல்லை, ஊருக்குப் பாதிப் பேர் அதைச் செய்து பார்த்தவர்கள். அங்கே பத்து வருசம் சித்தாளாக அவள் தலையில் சுமந்த கலவைக்கு அளவே கிடையாது. சிமெண்ட் இறுகிவிட்டால் செத்த கல், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

ஒருநாள், ஒரு அடுக்குமாடியில் கார் நிறுத்துகிற அடித்தளத்தைப் பெருக்கச் சொன்னார்கள். முந்தின நாள் இரண்டு ஆட்கள் தண்ணீர் மாதிரி ஏதோ மருந்தை அந்தத் தரையில் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சகாயராணியின் வாளி தடுக்கிக் கவிழ்ந்தது. கவிழ்ந்த தண்ணீர் ஊறவில்லை. சேம்பிலை மேல் ஓடுகிற மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது. அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தடவிப் பார்த்தால் மேலே ஒன்றுமே இல்லை. பெயிண்ட் இல்லை, பளபளப்பு இல்லை, அதே சொரசொர சிமெண்ட். ஆனால் தண்ணீரை வேண்டாம் என்கிறது. பத்து வருசம் தலையில் தூக்கிய பொருளுக்கு உள்ளே வாய் இருக்கிறது, அது குடிக்கிறது, மூச்சு விடுகிறது, அந்த வாயை மூடவும் மனுசனால் முடியும் என்பதெல்லாம் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "மாதா கோயில் பூசையில நீங்க நற்கருணையத் தூக்கிக் காட்டயில கூட எனக்கு அப்பிடி ஆனதில்லீங்க சாமி, கோவிச்சுக்காதீங்க" என்று பங்குச் சாமியாரிடமே சொன்னவள் அவள். சாமியார் கோவித்துக்கொள்ளவில்லை, கோயில் மாடியைக் கழுவச் சொன்னார்.

அந்த இரண்டு ஆட்களோடு ஒட்டிக்கொண்டு தொழிலைக் கற்றாள். கொரோனா வருசத்தில் ஊர் திரும்பும்போது கையில் பழைய பிரஷர் மிசின் ஒன்று இருந்தது. திரும்பின புதிதில் ஒரு தப்பும் செய்தாள். டவுனில் ஒரு வாத்தியார் வீட்டு மாடி. மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட வேண்டும் என்று அவர் அவசரப்படுத்த, உள்ளே ஈரம் இருக்கும்போதே சீலரை அடித்துவிட்டாள். நாலாம் நாள் மாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தேமல் பூத்து, பிறகு தோல் தோலாக உரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்று அதைத்தான் முதலில் பார்த்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் தன் கைக்காசில் கேன் வாங்கி, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி அடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஈரம் என்ற விசயத்தில் அவளிடம் யாரும் வாயைக் கொடுக்க முடியாது.

இப்படிப்பட்டவளைத் தேடித்தான் போன ஐப்பசியில் வத்தல்மலையிலிருந்து பழனியம்மாள் பஸ் ஏறி வந்தாள். மலைமேல் நாற்பது வீடுள்ள ஒரு சின்ன ஊர், அங்கே மகளிர் குழுவுக்கு அவள் தலைவி. ஐம்பது வயசு இருக்கும், மெலிந்த உடம்பு, கையில் மஞ்சள் பை. வந்தவள் விசயத்தைச் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பிடி சாமை அரிசியை அள்ளி சகாயராணியின் கையில் வைத்தாள்.

"வாயில போட்டு மெல்லு கண்ணு."

சகாயராணி மென்றாள். இரண்டாவது கடியிலேயே நறுக்கென்றது. அவசரமாகத் துப்பினாள்.

"இதத்தான் நாங்க ரெண்டு வருசமாத் திங்கிறோம்" என்றாள் பழனியம்மாள்.

அந்தக் கல் வந்தது ஊர் கதிரடிக்கிற களத்திலிருந்து. எட்டு வருசத்துக்கு முன்னால் ஊரார் கூடித் தாங்களே போட்ட சிமெண்ட் களம் அது. அந்தக் கோடையில் மலையில் தண்ணீர்ப் பஞ்சம். போட்ட சிமெண்டுக்கு நாள் தவறாமல் ஊற்ற வேண்டிய தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்க வைத்துக்கொண்டார்கள். அதில் யாரைக் குறை சொல்வது? வயிறு நிறையத் தண்ணீர் குடிக்காத சிமெண்டின் மேல்தோல் மாவாகத்தான் போகும். அறுவடைக்கு முன்னால் வருசா வருசம் சாணி மெழுகுவது மலை வழக்கம் என்பதால் கொஞ்ச காலம் அது அடங்கிக் கிடந்தது. பிறகு சாணிப் பொறுக்கோடு சேர்ந்து சிமெண்டும் மணலும் பெயர்ந்து தானியத்தில் கலக்க ஆரம்பித்தது. நெல் என்றால் புடைத்துத் தள்ளிவிடலாம். சாமை மணலைப் போலவே பொடிசு. எது சாமை எது மணல் என்று முறத்துக்கும் தெரியாது, சல்லடைக்கும் தெரியாது. தண்ணீரில் போட்டு எத்தனை தடவை அரித்தாலும் கொஞ்சம் தங்கிவிடும்.

"காளியண்ணனுக்குக் கடவாப்பல்லே ஒடைஞ்சு போச்சு. புள்ளைங்க ரேசன் அரிசியப் போடுன்னுதுங்க. எங்க வெள்ளாம எங்களுக்கே ஆவாமப் போச்சு. இந்த வருசமும் கல்லு வந்துச்சுன்னா இனிமேட்டுச் சாமையே வெதைக்கிறதில்லன்னு பாதி ஊரு சொல்லிப்புட்டுது கண்ணு."

 சாமையை விட்டுவிட்டால் அந்த மலையில் அவள் வேறு எதைச் சோறு என்று சொல்வாள்?

மறுநாளே சகாயராணி மலை ஏறினாள். களத்தில் உள்ளங்கையைத் தேய்த்தாள், வெள்ளைவெளேரென்று மாவு ஒட்டியது. அது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, எத்தனையோ தரையில் பார்த்ததுதான். மதியம் பழனியம்மாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்ததுதான் மனசைப் பிசைந்தது. அந்த வீட்டில் யாருமே பல்லைச் சேர்க்கவில்லை. சோற்றை வாயில் போட்டு, நாக்கால் துழாவி, குழம்போடு விழுங்கினார்கள். ஏழு வயசுப் பேத்தியும் அப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டு வருசத்தில் ஊரே மெல்லாமல் தின்னப் பழகியிருந்தது.

"கருது எப்பங்க களத்துக்கு வருது?" என்று கேட்டாள் சகாயராணி. கதிரோடு அறுத்த தட்டையைத்தான் அங்கே கருது என்பார்கள்.

"வர்ற வாரம் சனிக்கெழம. அதத் தாண்டுனா மானம் பொறுக்காது, மழ கொட்டிரும். நனைஞ்சா கருதுலயே மொளைச்சுரும்."

"வெள்ளிக்கெழம களம் உங்க கையில இருக்கும்ங்க" என்றாள். சொல்லிவிட்டு இறங்கும்போது இனிகோ, "இந்த மழ மூடாக்குல வாக்குக் குடுத்துட்டியே" என்றான்.  அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

திங்கட்கிழமை கழுவினாள். குட்டியானையில் தண்ணீர்த் தொட்டி ஏற்றி, பெட்ரோலில் ஓடும் மிசினை மேலே கொண்டுபோய், அறுபதடிக்கு ஐம்பதடி களத்தை ஓரத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். எட்டு வருசத்துச் சாணி அடுக்கடுக்காகக் கிளம்பியது. முதலில் பச்சையாக, பிறகு பழுப்பாக, பிறகு காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடியது. உதிருகிற மேல்தோல் முழுக்கப் பெயர்ந்தது. பொழுது சாயும் நேரத்தில் உண்மையான சாம்பல் நிறத்தில் கெட்டித் தரை தெரிந்தது. காளியன் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "நாம போட்ட களம் இதுதானா? எட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் இது மூஞ்சியப் பாக்குறன்" என்றார். அவர் ஊர்ப் பெரியவர், அந்த உடைந்த பல்லுக்குச் சொந்தக்காரர்.

கிளம்பும்போது சகாயராணி கண்டிப்பாகச் சொன்னாள். மூன்று நாள் காய வேண்டும். ஆடு மாடு ஏறக் கூடாது. செருப்புக் கால் படக் கூடாது. தானியம் கொட்டக் கூடாது. எண்ணெய்க் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் பழனியம்மாள் தலையை ஆட்டினாள். சாணி போடக் கூடாது என்பதை மட்டும் சகாயராணி சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க எட்டு வருசத்துச் சாணியைக் கண்ணெதிரே பெயர்த்தெடுத்த பிறகு அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, கேன்களோடு குட்டியானை மேலே வந்து நின்றது. பனி இன்னும் முழுக்கக் கலையவில்லை. சகாயராணி இறங்கி நாலு எட்டு வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

களம் பச்சைப்பசேலென்று இருந்தது. ஒரு மூலை பாக்கியில்லாமல், வட்டவட்டமாகக் கை போன தடம் தெரிய, அத்தனை நேர்த்தியாகச் சாணி மெழுகியிருந்தார்கள். நடுவில் பெரிய மாக்கோலம். கோலத்தின் நடுவில் ஒரு பூசணிப்பூ. களத்தைச் சுற்றிக் குளித்து முழுகி, ஈரத் தலையோடு பதினேழு பெண்கள் நின்றார்கள். முன்னால் பழனியம்மாள், முகமெல்லாம் சிரிப்பு.

"வா கண்ணு. நாளு கெழம பாத்து நீ கை வைக்கிற. மூணு நாளா களம் மூளியாக் கெடந்துச்சு, மனசு கேக்கல. கருது ஏறப்போற களத்த வெறுந்தரையா வுடலாமா? விடியக்கால எந்திரிச்சு மொழுகிப்புட்டம்."

சகாயராணி கேன் மேல் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவதற்கு யாரைத் திட்டுவது? அவளுக்காக இருட்டில் எழுந்து, ஐப்பசிக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மண்டியிட்டு மெழுகியிருக்கிறார்கள். ஒருத்தி முழங்காலில் இன்னும் சாணி காயவில்லை. சகாயராணிக்கு அழுகை வந்தது, அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

இனிகோ பக்கத்தில் வந்து குனிந்தான். "இங்க பாரு. மேலயே அடிச்சுட்டுப் போயிரலாம். வெள்ளிக்கெழமன்னு சொன்ன, வெள்ளிக்கெழம குடுத்தாப்புல ஆச்சு. யாரு பாக்கப் போறா?"

"மேல அடிச்சா அது சாணியத்தான் புடிக்கும், சிமெண்ட்டப் புடிக்காது" என்றாள் சகாயராணி, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே. "பத்து நாள்ல பொறுக்குத் தட்டி உரியும். உரிஞ்சது எங்க போவும்? சாமைலதான் போவும். இவங்க கல்லு திங்கிறது பத்தாதுன்னு இதயும் திங்கணுமா?"

பழனியம்மாளின் சிரிப்பு போய்விட்டது. சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

"கழுவிரலாமா கண்ணு?" என்றாள் பழனியம்மாள் மெல்ல.

"கழுவறது ஒண்ணும் இல்லீங்க்கா, இது பச்ச சாணி. காயணுமே! மேல் ஈரம் இல்ல, உள் ஈரம் போவணும். வெயிலு அடிச்சாலே ஒன்றர நாளு ஆவும். இங்க வெயிலு எங்க இருக்குது? நாளைக்கி மழைன்னு போன்ல காட்டுது. நாளான்னிக்கி கருது."

 காளியன் கழுத்தை நீட்டி மேற்கே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவகாசமாகச் சொன்னார், "வெயிலு வராது. காத்து வரும்."

"எந்தக் காத்துங்க?"

"இந்தக் களத்த ஏன் இந்த மேட்டுல போட்டோம்னு நெனச்ச? தூத்தறதுக்குத்தான். மத்தியானம் ஒரு மணிக்கு மேல கீழ இருந்து காத்து ஏறும். எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து நேரந் தவறுனதில்ல. இப்ப மேக்கால பக்கம் அந்த விறகு அட்டியும் பழைய தட்டப் போரும் மறைச்சுக்கிட்டு நிக்குது. அதத் தள்ளிப்புட்டா களத்து மேலயே ஓடும்."

சகாயராணி நிமிர்ந்து பார்த்தாள். மூன்று தடவை இந்தக் களத்துக்கு வந்திருக்கிறாள். தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள் தலையைத் தூக்கி ஒரு தடவை கூடக் காற்றைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அந்த ஊர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு மூச்சு நின்று வரும். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பார்த்திருக்கிறாள், ஊர் கூடி ஒரு தரையைக் கழுவி இதற்கு முன் பார்த்ததில்லை. அவள் மிசினைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, பெண்கள் சீமாறும் தேங்காய் நாருமாகப் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு வந்தார்கள். கிணற்றிலிருந்து களம் வரைக்கும் வரிசை கட்டிக் குடம் மாற்றினார்கள். கோலத்தின்மேல் தண்ணீரை அடிக்கும்போது சகாயராணிக்குக் கை தயங்கியது. பழனியம்மாளே வந்து பூசணிப்பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "அடி கண்ணு" என்றாள். ஆண்கள் அத்தனை பேரும் விறகையும் தட்டையையும் சுமந்து கிழக்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். பதினோரு மணிக்குக் களம் மறுபடி சாம்பல் நிறத்துக்கு வந்தது. வீட்டுக்கு வீடு பழஞ்சேலையும் வேட்டியும் வந்தன. மண்டியிட்டு ஒற்றி ஒற்றிப் பிழிந்தார்கள்.

ஒரு மணிக்குக் காற்று வரவில்லை.

ஒன்றேகாலுக்கும் வரவில்லை. சகாயராணி செபமாலையைப் பைக்குள்ளேயே விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இனிகோ காளியனைப் பார்த்தான். காளியன் யாரையும் பார்க்கவில்லை, ஒரு தட்டைத் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றரைக்கு, பள்ளத்தில் இருந்த புளியமரத்தின் உச்சி அசைந்தது. பிறகு அதற்கு மேலே இருந்த மரம். பிறகு களத்தோரத்துப் புல் ஒரே பக்கமாகப் படுத்தது. காற்று ஏறிவிட்டது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள், அன்று அந்த ஊரில் பதறாத ஒரே ஆள் காளியன்தான்.

அப்போதுதான் பெண்கள் முறத்தோடு வந்தார்கள். யார் சொன்னது, யார் முதலில் எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கால் கழுவிக்கொண்டு, களத்தின் மேற்கு ஓரத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். காலையில் பதினேழு பேர், இப்போது நாற்பதுக்குக் குறையாது. குனிந்து, முறத்தைத் தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, விசிற ஆரம்பித்தார்கள். விசிறிக்கொண்டே ஒரு எட்டு முன்னால். மறுபடி விசிறல், மறுபடி ஒரு எட்டு. கிழக்கு ஓரம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி நடந்து வந்து மறுபடி மேற்கிலிருந்து தொடங்கினார்கள். பதர் தூற்றிப் பழகின கைகள். நாற்பது முறமும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் தாழ்ந்தன.  முறத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் போன வழியில் ஈரத்தில் கறுத்திருந்த தரை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது.

சகாயராணி சிலுவை போட்டுக்கொண்டாள். பெங்களூரில் தரை காயவைக்க ராட்சத விசிறிகளைப் பார்த்தவள் அவள். இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை, இனிமேலும் பார்ப்பாளா என்பது தெரியாது. முறம் எவ்வளவு உலர்த்தியது, காற்று எவ்வளவு உலர்த்தியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவளிடம் கேட்டால் பாதிக்குப் பாதி என்பாள். இனிகோ, காற்றுதான் என்பான். அவனும் அன்றைக்கு ஒரு முறத்தை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றவன்தான்.

நாலு மணிக்குச் சோதித்தாள். மூன்று இடத்தில் பாலிதீன் தாளை விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி வைத்திருந்தாள். உள்ளே ஈரம் இருந்தால் தாளுக்கு அடியில் வேர்க்கும். இரண்டு தாள் சுத்தமாக இருந்தது. நடுக்களத்தில், தரை லேசாகக் குழிந்த இடத்தில், மூன்றாவது தாளின் அடியில் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது.

"இத்தினூண்டுதான" என்றான் இனிகோ.

"இத்தினூண்டு எடத்துல மருந்து எறங்கலன்னா, அங்க இருந்துதான் மறுபடி உதிர ஆரம்பிக்கும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, நாற்பது பெண்களும் அந்தக் குழியைச் சுற்றி உட்கார்ந்து விசிற ஆரம்பித்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம். பழனியம்மாளின் மணிக்கட்டு வீங்கிவிட்டது, முறத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மறுபடி தாளைப் போட்டு எடுத்தபோது வேர்வை இல்லை. சகாயராணி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள். தரை மளமளவென்று குடித்தது. "இப்பத்தான் தாகமா இருக்குது. இப்பக் குடுக்கலாம்" என்றாள்.

அவள் தேர்ந்தெடுத்திருந்த சீலர் மேலே படலம் கட்டுகிற ரகம் இல்லை. உள்ளே இறங்கி, சிமெண்டில் மிச்சம் இருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்து, தானும் கல்லாகிவிடுகிற ரகம். உரிவதற்கு அதில் ஒன்றுமே இருக்காது. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பரபரவென்று தொடங்கியவள், திடீரென்று நின்று, டேப்பை எடுத்துக்கொண்டு வடகிழக்கு மூலைக்குப் போனாள். அங்கே இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக டேப் ஒட்டி, மேலே தாளை விரித்து மூடினாள்.

"அங்க அடிக்கலியா கண்ணு?"

"ஈசானி மூலதானுங்க இது? தானியப் பொலி அளக்கயில சாணிப் புள்ளாரு வெப்பீங்கன்னு தெரியும். மத்த எடத்துல இனிமே சாணி ஒட்டாது. உங்க சாமிக்கு ஒரு எடம் வேணுமில்லீங்க்கா."

பழனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து தலையில் இருந்த வாடின பூசணிப்பூவை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தாள்.

இருட்டும்போது முடிந்தது. அன்றிரவு சகாயராணி அங்கேயே தங்கினாள். மழை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது, சடசடவென்று, கல்லை எறிகிற மாதிரி. ஊர் முழுக்கக் களத்தோரம் ஓடியது. முதல் துளிகள் தரையில் விழுந்தன, ஊறவில்லை. உருண்டன. அடுத்தடுத்து விழுந்த துளிகளும் முத்து முத்தாக நின்று, ஒன்றோடொன்று சேர்ந்து, சரிவைப் பார்த்து ஓடின. அறுபதடிக் களம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, ஆனால் தரை நனையவில்லை. பழனியம்மாள் மழையிலேயே குத்தவைத்து ஒரு துளியை விரலால் தள்ளிப் பார்த்தாள். அது நழுவி ஓடியது. "ஏ ஆத்தா!" என்றாள். காளியன் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு துளியைத் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் ஊரே, பெரியவர் சின்னவர் பாக்கியில்லாமல், மழையில் குந்திக்கொண்டு துளிகளை உருட்டிக்கொண்டிருந்தது. பத்து வருசம் சித்தாளாக இருந்துவிட்டு அடித்தளத்தில் துடைப்பத்தைப் போட்டு உட்கார்ந்தவளுக்கு, தனக்கு அன்றைக்கு எப்படி இருந்தது என்பதை முதல் தடவையாக வெளியிலிருந்து பார்க்கக் கிடைத்தது.

சனிக்கிழமை, மழை விட்ட இடைவெளியில், கருது களம் ஏறியது.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் கழித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். புதுச் சாமைச் சோறு. களத்திலேயே பந்தி. ஈசானி மூலையில், மெழுகிய இரண்டடிச் சதுரத்தில், அருகம்புல் சொருகின சாணிப் பிள்ளையாருக்கு முதல் படையல். அடுத்த இலை சகாயராணிக்கு. மொச்சைக் கொட்டைக் குழம்பு ஊற்றி, பழனியம்மாள் எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவள் மணிக்கட்டில் இன்னும் பச்சிலைக் கட்டு இருந்தது.

நாற்பது வீடும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் கூட எடுக்காமல், சகாயராணியின் வாயையே பார்த்தது. அவள் ஒரு கவளம் எடுத்துப் போட்டாள். பல்லைச் சேர்த்தாள். வேண்டுமென்றே, பலமாக, கடைவாயில் வைத்து அரைத்தாள். வலது பக்கம் மென்று, இடது பக்கம் மென்று, மறுபடி வலது பக்கம். ஒன்றும் நறுக்கென்று சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லோரும் எடுத்து வாயில் வைத்தார்கள். வைத்துவிட்டுப் பழக்கதோசத்தில் நாக்கால் துழாவி விழுங்கப் போனார்கள்.

"மெல்லுங்க்கா" என்றாள் சகாயராணி. "மென்னு தின்னுங்க. ஒண்ணும் ஆவாது."

பழனியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பல்லைச் சேர்த்துக் கடித்தாள். பக்கத்தில் இருந்த பேத்தி பாட்டியின் தாடையைப் பார்த்துவிட்டுத் தானும் கடித்தது. அடுத்த இலையில் காளியன், உடையாத பக்கத்துப் பல்லால். அதற்கடுத்த இலை, அதற்கடுத்த வரிசை. அந்தக் களம் முழுக்க ஊர் மென்றுகொண்டிருந்தது.